கொம்பியூட்டருக்குக் கேட்கவில்லை

எங்கள் வீட்டில் சண்டை என்றாலும் மெல்லமாகத்தான் நடக்கும். இவர் ஒரு சொல் சொல்வார், நான் பத்துச் சொல் சொல்வேன், எல்லாம் வாய்க்குள்தான். வெளியில் நின்று பார்ப்பவர்கள், புருசனும் பெண்சாதியும் சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். பக்கத்து வளவு மாமிக்கு இதில் பெரிய மனக்குறை. எங்கள் வீட்டு விசயங்களை அறிய அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. காதால் அறிவதற்கு ஒரு வழியும் நாங்கள் வைக்கவில்லை.

இது நாங்கள் பிறக்கும்போதே கொண்டுவந்த குணமல்ல. யுத்த காலத்தில் மட்டக்களப்பில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. ஒழுங்கையில் போகிற ஆள் யார், எந்தப் பக்கத்து ஆள், எதைக் கேட்டு எங்கே போய்ச் சொல்வார் என்று தெரியாது. ஆரம்பத்தில் சொல்லக்கூடாத கதைகளை மட்டும் மெல்லமாகப் பேசினோம். பிறகு எது சொல்லக்கூடாத கதை என்பதே பிடிபடாமல் போய்விட்டதால் எல்லாவற்றையும் மெல்லமாகப் பேசினோம். குழம்புக்கு உப்புக் காணாது என்பதைக்கூட இவர் குசினிக்குள் வந்து என் காதுக்குப் பக்கத்தில்தான் சொல்வார். ஏதோ பெரிய இரகசியம் என்று நானும் அகப்பையைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுப்பேன்.

இவருக்கு மொழிபெயர்ப்புத் தொழில். தமிழில் இருப்பதை ஆங்கிலமாக்கித் தட்டச்சில் அடித்துக் கொடுப்பார். அந்தத் தொழிலுக்கு வாய் தேவையில்லை. விரல் இருந்தால் போதும், விரலும் இவருக்கு நன்றாக ஓடும். நான் அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டே இன்றைக்கு வேலை லேசா, கடினமா என்று சொல்லிவிடுவேன்.

சுனாமி வந்த அன்று இவர் கடற்கரைப் பக்கம் மீன் வாங்கப் போயிருந்தார். மீன் விசயத்தில் என்னையும் நம்பமாட்டார், வீட்டு வாசலுக்கு வருகிற மீன்காரரையும் நம்பமாட்டார். எங்கள் வீடு வாவிப் பக்கம். தண்ணீர் முற்றம் வரைக்கும் வந்து, யோசித்து, திரும்பிப் போனது. இவரைக் கடல் இழுத்துக்கொண்டு போனபோது யாருடையதோ ஒரு வளவின் முட்கம்பி வேலி கையில் பட்டிருக்கிறது. பிடித்தவர் விடவில்லை. அதனால் உயிர் தப்பியது, இரண்டு உள்ளங்கையும் அறுந்துபோயின. ஆஸ்பத்திரியில் தைத்து, கட்டி, அவிழ்த்து, காயமெல்லாம் ஆறிவிட்டது. விரல்கள் மட்டும் மடங்கவில்லை. ஒரு விரலை நீட்டி ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினால் ஒரு பக்கம் அடிக்க ஒரு பகல் போகும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரில் மொழிபெயர்ப்பாளருக்கு அப்படிக் கிராக்கி. வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து இறங்கியிருந்தன. எங்கள் சனம் தமிழில் சொன்னதெல்லாம் அவர்களுக்கு ஆங்கிலத்தில் வேண்டும். ஒரு நிறுவனம் இவருடைய ஆங்கிலத்தைப் பார்த்து மயங்கி வேலை கொடுத்தது, விரலைப் பார்த்து ஒரு வருசத்துக்கு மேல் பொறுத்தும் கொண்டது. பிறகு வடக்கே வாகரைப் பக்கமும் வாவிக்கு அக்கரையில் படுவான்கரையிலும் சண்டை மூண்டு, சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்து பள்ளிக்கூடங்களில் தங்கியபோது வேலை மலைபோலக் குவிந்தது. அந்த நிறுவனத்தின் பொறுப்பாளர் ஒரு பெண்மணி, நல்ல மனுசி, வீட்டுக்கே வந்தார்.

"சேர், உங்கட இங்கிலீஸ் ஒருத்தருக்கும் வராது. ஆனா ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எண்டா எங்களுக்குக் காணாது. மாசக் கடைசியில வந்து பாக்கிறன். அதுக்குள்ள ஒரு வழி செய்யுங்க. இல்லாட்டி வேற ஆளத்தான் எடுக்க வேணும், குறை நினைக்காதீங்க."

நீ அடித்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தேனே. இவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். என்னுடைய ஆங்கிலம் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது. ஒரு வரிக்கு மூன்று பிழை விட்டேன். ஒவ்வொரு பிழைக்கும் இவர் ஒரு பெருமூச்சு விட்டார். ஏசினாலும் பொறுத்திருப்பேன், பெருமூச்சைப் பொறுக்க முடியாது. இரண்டாம் நாள் எழும்பிப் போய்விட்டேன்.

வழியைக் கண்டுபிடித்தவர் கனடாவில் இருக்கிற என் அண்ணன். அவர் தொலைபேசியில் பேசினால் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும். அந்த நாட்டில் குரலுக்குக் கட்டுப்பாடு இல்லை.

"மச்சான், நீங்க வாயால சொல்லுங்க, கொம்பியூட்டர் தானா எழுதும்! திறக்கச் சொன்னாத் திறக்கும், மூடச் சொன்னா மூடும்! தங்கச்சியவிடச் சொல்வழி கேக்கும்!"

இந்தக் கடைசி வசனத்தை நான் அப்போது கேட்காததுபோல விட்டுவிட்டேன்.

ஊருக்கு வந்த ஒருவரிடம் அண்ணன் அந்த மென்பொருள் இருக்கிற சீடித் தட்டையும், தலையில் மாட்டுகிற ஒரு கருவியையும் கொடுத்தனுப்பினார். இரண்டு காதுக்கும் கறுப்பு மூடி, கன்னத்தோரமாக ஒரு தண்டு வந்து வாய்க்கு முன்னால் நிற்கும். இவர் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சொல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் 'செட்' என்றால் ஒன்றுதான். இரகசியமாகத் தகவல் அனுப்புகிற வயர்லெஸ் கருவி. இன்ன வீட்டில் செட் இருக்கிறது என்று ஒரு சொல் வெளியில் போனால் போதும், வீடு இருக்கும், வீட்டுக்காரர் இருக்கமாட்டார். இப்போது எங்கள் அறைக்குள் ஒரு மனுசன் தலையில் வயரும் வாயில் தண்டுமாக உட்கார்ந்து ஆங்கிலம் பேசப்போகிறார். ஓடிப்போய்ச் சன்னல்களைச் சாத்தினேன். கதவைப் பூட்டினேன். சத்தம் வெளியில் போகாமல் இருக்க விறாந்தையில் ரேடியோவைப் போட்டேன்.

கணினி முதலில் குரலைச் சரிபார்க்கும். திரையில் ஒரு பட்டை. நாங்கள் பேசினால் அது எழும்பிப் பச்சை நிறத்தைத் தொட வேண்டும். இவர் பேசினார். பட்டை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள் என்று மரியாதையாக ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. இவர் குரலை உயர்த்துவதற்குப் பதிலாகத் தண்டை இழுத்து உதட்டோடு ஒட்டிக்கொண்டார். இப்போது பட்டை எழும்பியது, ஆனால் இவருடைய மூச்சுக்கு. எப்படியோ அதை ஏமாற்றி அடுத்த பக்கத்துக்குப் போய், ஒரு வசனம் சொன்னார். கணினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு நீண்ட வசனம் எழுதியது. இவர் சொன்னதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விறாந்தையில் ரேடியோக்காரர் மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தார், அதைத்தான் அது தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்தது. நானும் இவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரிப்பையும் நாங்கள் மெல்லமாகத்தான் சிரிப்போம்.

ஒரு கிழமை இப்படிப் போனது. சன்னலில் ஒரு பலகை உடைந்திருந்தது என்பது எனக்குத் தெரியும், மாமிக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்னகா புள்ள, மருமகனுக்குக் காதில என்ன?"

"காதுவலி மாமி. சூட்டுக்குப் போட்டிருக்கார்."

"காதுவலிக்கு இங்கிலீசில கதைக்கிறதா?"

மாமி என் கையைப் பிடித்து, "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது, பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று. மறுநாள், சுனாமிக்குப் பிறகு நாங்கள் மீன் வாங்குகிற மீன்காரர் படலைக்குள் வராமல் மீனை வேலித் தூணில் தொங்கவிட்டுப் போனார். சீனி கேட்டு வருகிறவள் வரவில்லை. ஒழுங்கையில் போகிறவர்கள் எங்கள் வாசலுக்கு வந்ததும் கொஞ்சம் விரைவாக நடந்தார்கள். ஒருவரும் எங்களைப் பகைக்கவில்லை. பயந்தார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய இடத்தில் நான் இருந்தாலும் விரைவாகத்தான் நடந்திருப்பேன்.

"வேணாம்," என்றார் இவர். "கொண்டுபோய் வாவியில போடுவம்."

"போட்டா வேல?"

"போனாப் போகட்டும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சோற்றுக்கு அண்ணன் அனுப்புவார், அது பெரிய விசயமல்ல. இந்த மனுசன் காலையில் எழும்பி, குளித்து, சேட் போட்டுக்கொண்டு மேசையில் உட்காருவது அந்த வேலைக்காகத்தான். கை போனதற்குப் பிறகு இவரிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் இவர் கட்டிலிலிருந்து எழும்பமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தப் பயம் எனக்குச் செட் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"ஒளிச்சு வைச்சாத்தான் அது செட்டு. நடு வீட்டில வைச்சா அது கொம்பியூட்டர்" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிடப்போறன்."

இவர் மாட்டேன் என்றார். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனம், கலியாணம் முடித்தவர் வந்து குடியிருப்பவர். இதை நான் அடிக்கடி சொல்லிக் காட்டுவதில்லை. தேவைப்படும்போது மட்டும் சொல்வேன். அன்றைக்குத் தேவைப்பட்டது.

புது மோட்டார் சைக்கிள் எடுத்தால் சந்தனம் பூசி, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஏற்றுவார்கள். கணினிக்கும் அப்படி ஒரு பூசை என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவைத்தேன். காத்தான்குடியில் அந்தக் கணினியை வாங்கி வருசம் ஒன்றாகிவிட்டது, அதை ஒருவரும் கேட்கவில்லை. மேசையை நடு வீட்டில் போட்டு, சன்னல்களையும் கதவையும் திறந்து, நிலத்தில் பாய் விரித்து, வெற்றிலைத் தட்டம் வைத்தேன். முதலில் ஒருவர் படலையில் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு இன்னொருவர். மாமி வந்து முன் பாயில் சம்மணம் கட்டி இருந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். திரைக்குச் சந்தனம் பூசினேன். தேசிக்காயை எதற்குக் கீழே வைப்பது என்று ஒரு விவாதம் நடந்தது. சில்லு இல்லாத சாமான். கடைசியில் மவுசுக்குக் கீழே வைத்து நசுக்கப் பார்த்தார்கள், நான்தான் தடுத்தேன்.

அண்ணன் சொல்லியிருந்தார், குரலைத் திரும்பவும் முதலிலிருந்து பழக்க வேண்டும் என்று. கணினி தருகிற ஆங்கிலப் பகுதியைக் கால் மணித்தியாலம் நிறுத்தாமல் வாசித்துக் காட்ட வேண்டும். இவர் கருவியை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். வழக்கம்போல அந்தக் குரலில்தான். பட்டை அசையவில்லை.

எங்கள் கோயில்களில் புராணம் படிப்பார்கள். ஒருவர் பாட்டை வாசிப்பார், இன்னொருவர் அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்வார், சனம் பாயில் இருந்து கேட்கும். வாசிப்பவரின் குரல் தாழ்ந்தால் பின்னால் இருப்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். கடவுள் காரியத்தில் கூச்சம் பார்ப்பதில்லை. இங்கேயும் பாய், வெற்றிலை, சந்தனம், ஒருவர் வாசிக்கிறார். சனத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"கேக்கல்ல!"

இவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"மருமகன், முன்னால இரிக்கிற எனக்கே கேக்கல்ல," என்றார் மாமி. "அந்தப் பெட்டிக்கு எப்பிடிக் கேக்கும்? வயித்தால எடுத்து வாசிங்க!"

சனம் சிரித்தது. இவருடைய காது சிவந்துபோனது. தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்சம் உயர்த்தினார். "இன்னும்!" என்றது சனம். இன்னும் உயர்த்தினார். பட்டை குதித்துப் பச்சையைத் தொட்டது. நான் என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். அதற்குப் பிறகு விசயம் எல்லாருக்கும் பிடிபட்டுப்போனது. பட்டையைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். அது கீழே இறங்கினால் எல்லாருமாகச் சேர்ந்து, "சத்தம்! சத்தம்!" என்றார்கள். இவர் ஏறினார். கலியாணம் முடித்த காலத்திலிருந்து நான் கேட்டிராத ஒரு குரல் இவருக்குள்ளிருந்து வந்தது. நல்ல கனமான குரல். இதை இவ்வளவு காலம் எங்கே வைத்திருந்தார் என்று எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

பாதியில் ஒருவர், "பயன் ஆரு சொல்லுறது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. இவர் தமிழில் வாய் திறந்தால் கணினி குழம்பிவிடும். ஆகவே நான் எழும்பி நின்றேன். இவர் ஒரு பந்தி வாசித்து நிறுத்துவார், நான் தள்ளி நின்று பயன் சொல்வேன். அந்த ஆங்கிலத்தில் எனக்கு விளங்கியது அங்கொன்றும் இங்கொன்றும்தான். மிச்சத்தை நானே போட்டு நிரப்பினேன்.

"என்ன சொல்லுறாரெண்டா, கொம்பியூட்டரே, நான் தெளிவாப் பேசுவன், நீ பிழை விடாம எழுத வேணும். தப்பித் தவறிப் பிழை விட்டாலும் நான் பெருமூச்சு விடமாட்டன். பொறுமையாத் திருத்துவன். பெண்சாதியின்ட சொல்லுக்கும் மரியாதை குடுப்பன்."

இவர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்டைக் கையால் மூடிக்கொண்டார். "இங்கிலீசிலயும் இவ்வளவு நல்ல புத்தி எல்லாம் இரிக்கா!" என்று மாமி அதிசயப்பட்டார்.

வாசிப்பு முடிந்ததும், இனி எழுதிக் காட்டட்டும் என்றார்கள். இவர் மாமியைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னார். பக்கத்து வீட்டு மாமி மிகவும் நல்லவர் என்று திரையில் ஒவ்வொரு சொல்லாக விழுந்தது. நான் வாசித்துத் தமிழில் சொன்னதும் கூரை கிளம்புமளவுக்குச் சத்தம். அதைத் தாளில் அச்சடித்து மாமியிடம் கொடுத்தோம். மாமி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அடுத்த நாள் சந்தியில் நின்று, "அது செட்டு இல்லகா, எழுதுற மெசின்! என்னப் பத்தி எழுதினது, இஞ்ச பாரு!" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்துக் காட்டியிருக்கிறார். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று இந்தத் தடவை அவர் எனக்கு வாக்குக் கொடுக்காதது நல்லதாய்ப் போயிற்று. மீன்காரர் திரும்பவும் படலைக்குள் வந்தார்.

அதற்குப் பிறகு சன்னல் திறந்தே இருந்தது. இவர் தினமும் பழகினார். கணினியும் பழகியது. டவுன் பக்கத்திலிருந்து படுவான்கரைக்கு ஷெல் அடிக்கும்போது மட்டும், ஒவ்வொரு அடிக்கும் அது தன்பாட்டில் ஒரு சொல் எழுதிவிடும். இவர் "டிலீட் தட்" என்பார், அழிந்துவிடும். அடுத்த ஷெல்லுக்கு இன்னொரு சொல். அந்தக் கட்டளை இவருக்கு நன்றாகப் பிடித்துப்போய், நான் ஏதாவது கடுமையாகச் சொன்னாலும் என்னைப் பார்த்து "டிலீட் தட்" என்று சொல்லத் தொடங்கினார். நான் அழியவில்லை.

மாசக் கடைசியில் அந்தப் பெண்மணி வந்தார். கையோடு ஒரு தாளும் கொண்டுவந்திருந்தார்.

"இதச் செய்து காட்டுங்க சேர். நான் இருந்து பாக்கிறன்."

வாகரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தாய் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள். நான் தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் இவருடைய தோளுக்கு மேலால் வாசித்தேன். சுனாமியில் அவருடைய இளைய மகள் போய்விட்டாள். மகளின் சட்டை ஒன்று மட்டும் அலுமாரிக்குள் இருந்து தப்பியிருந்தது. ஷெல் அடிக்கக் காட்டு வழியால் ஓடி வரும்போது அந்தச் சட்டை இருந்த பை எங்கேயோ விழுந்துவிட்டது. திரும்பிப் போய் எடுக்க விடவில்லை. அவ்வளவுதான் அந்தத் தாள்.

இவர் ஒரு தடவை மனதுக்குள் வாசித்தார். பிறகு கருவியை மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, வயிற்றிலிருந்து குரலை எடுத்துச் சொல்லத் தொடங்கினார். என்னுடைய மகள் என்றார். என்னுடைய மகளின் சட்டை என்றார். எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் 'நான்', 'என்னுடைய' என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வசனங்கள் திரையில் வரிசையாக வந்து விழுந்தன. அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்தது. இவருடைய வேலை தப்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசி வசனத்தில் இவர் நின்றார். நான் தாளைப் பார்த்தேன். 'இதையெல்லாம் நான் மெல்லமாத்தான் சொல்றன், சத்தமாச் சொல்லப் பயமாக் கிடக்கு' என்று அந்த அம்மா சொல்லி முடித்திருந்தார்.

இவர் அதை மெல்லமாகச் சொன்னார். திரையில் ஒன்றும் விழவில்லை. இன்னொரு தடவையும் மெல்லமாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றுமில்லை. பெண்மணி கதிரையில் அசைந்து உட்கார்ந்தார். இவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு திரைப் பக்கம் திரும்பி, சத்தமாகச் சொல்லப் பயமாக இருக்கிறது என்பதை ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னார். கணினி ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதியது.

"நாளைக்கே மிச்சத்த அனுப்புறன் சேர், நிறையக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் பெண்மணி போனார். எனக்குச் சந்தோசம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. அந்த அம்மாவை நினைத்து அழுகையும் வந்தது. இவர் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவ பயந்து பயந்து சொன்னத நான் இப்பிடிக் கத்திட்டன்."

"இங்கிலீசிலதானே சொன்னீங்க. இஞ்ச ஆருக்கு விளங்கப்போகுது?" என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

"அதுதான். இவ்வளவு கத்தியும் இஞ்ச ஒருத்தருக்கும் கேக்கல்ல" என்றார் இவர்.